வளையத்துக்குப் பின்னால் நின்றும் மோதல் தெரியவில்லை: லீட் மத்தியஸ்தர் எங்கே நிற்க வேண்டும்?

தேயிலைச்சாரல்:
வணக்கம். ஹட்டனுக்கு அருகிலுள்ள பாடசாலையொன்றில் உடற்கல்வி கற்பிக்கிறேன். எங்கள் கோட்டமட்டக் கூடைப்பந்தாட்டப் போட்டிகளுக்கு இருவர்தான் மத்தியஸ்தம் செய்கிறோம். சென்ற வாரம் நான் லீட் நிலையில் (ஆட்டத்துக்கு முன்னே சென்று பின்கோட்டில் நிற்கும் மத்தியஸ்தராக) வளையத்துக்கு நேர் பின்னால் நின்றேன். ஒரு மாணவி வேகமாக வெட்டி வந்து பந்தை எறிய எழும்பினாள். வளையத்துக்கு மிக அருகில் நின்று தடுத்தவள் மல்லாந்து விழுந்தாள். சத்தம் கேட்டதே தவிர, யார் யாரை இடித்தார் என்பது எனக்குத் தெரியவில்லை. விசிலை ஊதி, மூடிய கைமுட்டியை உயர்த்திவிட்டு, அடுத்து எந்தச் சைகையைக் காட்டுவதென்று தெரியாமல் திகைத்து நின்றேன். மலையை வெட்டி அமைத்த மைதானம் என்பதால், எல்லைக்கோட்டுக்குப் பின்னால் ஒரு மீற்றர்கூட இல்லாமல் கானும் கல்கட்டும் வந்துவிடுகின்றன. நான் எங்கே நின்றிருக்க வேண்டும்?

பழைய விசில்:
சேர், நேர் பின்னால் நின்றால் தடுப்பவளின் முதுகுதான் தெரியும். தாக்குபவள் அதற்குப் பின்னால் மறைந்துவிடுவாள். நாம் பார்க்க வேண்டியது இருவருக்கும் இடையிலுள்ள இடைவெளியை. ட்ரெயில், அதாவது ஆட்டத்தின் பின்னால் வரும் மற்ற மத்தியஸ்தர், நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக, பின்கோட்டில் இரண்டு மூன்று அடி விலகி நின்றாலே அந்த இடைவெளி திறந்துவிடும்; பத்து வீரர்களும் உங்கள் இருவருக்கும் நடுவில் அடங்குவார்கள். பந்தைப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்; எறிந்த பந்து வளையத்துக்குள் போகிறதா என்பது ட்ரெயிலின் வேலை. நீங்கள் முதலில் தடுப்பவளைப் பாருங்கள்: எதிராளியை நோக்கி இரு கால்களையும் தரையில் ஊன்றி, மற்றவள் எழும்புமுன்பே அந்த இடத்தைப் பிடித்திருந்தாளா? பிடித்திருந்து, மோதல் அவளது நெஞ்சில் பட்டிருந்தால், தவறு பொதுவாகத் தாக்கியவளுடையது.

பண்டாரவளைப் பந்து:
மேலே சொன்னது சரி. ஆனால் அவள் வளையத்துக்கு மிக அருகில் நின்றாள் என்கிறீர்கள். வளையத்தின் நடுப்புள்ளிக்கு நேர் கீழிருந்து 1.25 மீற்றர் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் தடுப்பவளின் கால் இருந்தால், பந்துடன் எழும்பி வந்தவள் மோதினாலும், கையையோ காலையோ முறைகேடாகப் பயன்படுத்தாதவரை அது தாக்குதல் பவுல் (தாக்கியவளின் தவறு) ஆகாது. எங்கள் பக்கத்து மைதானங்கள் பலவற்றில் அந்தக் கோடே இல்லை. வளையத்தின் நடுவிலிருந்து நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தில் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையில் சோக்கட்டியால் வரைந்துகொள்கிறோம். ஐந்து நிமிட வேலை. எல்லைக்கோட்டுக்கு வெளியே 2 மீற்றர் தடையற்ற இடம் வேண்டுமென்பது விதி. ஆனால் கல்கட்டை நகர்த்த நம்மால் முடியாதே.

தேயிலைச்சாரல்:
மிக்க நன்றி. ட்ரெயிலின் பக்கமிருந்து வெட்டி வரும்போது யார் ஊதுவது?

பழைய விசில்:
ட்ரெயில் நடுக்கோட்டருகிலேயே நின்றுவிடாமல் ஓரிரு அடி உள்ளே வந்து, பின்னாலிருந்து அந்த நகர்வைத் தொடர வேண்டும். அவரது பக்கத்தில் தொடங்கிய மோதலை அவரே ஊதட்டும். இருவரும் ஊதினால், சைகை காட்டுமுன் ஒருவர் கண்ணை ஒருவர் பாருங்கள்; ஆட்டம் யாரை நோக்கி வந்ததோ, அவர் முடிவைச் சொல்லட்டும். பனிமூட்டம் இறங்கும் மாலைகளில் சீமெந்துத் தரை வழுக்கும். தானாக விழுந்தவளுக்கு பவுல் கொடுத்துவிடாதீர்கள்.