‘மீப்பரப்பு’ வேண்டாம்: மெற்றாசேர்பேசுக்கு வேறொரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

மெற்றாசேர்பேஸ் (metasurface) என்பது, ஒளியைத் திருப்பவும் குவிக்கவும் மிகச் சிறிய உறுப்புகளை நிரையாகப் பதித்த மெல்லிய பரப்பு. அதற்குத் தமிழில் ‘மீப்பரப்பு’ என்று முன்மொழிந்திருப்பதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. மீப்பொருள், மீத்தரவு என ‘மெற்றா’வுக்கு ‘மீ’ ஓரளவு பழகிவிட்டது. அவற்றைக் கலைக்க வேண்டியதில்லை. ஆனால் ‘மீ’ என்றால் முதலில் ‘மேல்’ என்றே பொருள். ஒருபொருட்பன்மொழியான ‘மீமிசை’யே அதற்குச் சான்று. எங்கள் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் ‘மேற்பரப்பிழுவை’ என்று எழுதிப் பழகிய பிள்ளைக்கு மீப்பரப்பும் மேற்பரப்பும் ஒன்றாகவே படும். வெறுங் கண்ணாடியின் முகத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்ட வந்த சொல், அந்த வேறுபாட்டையே அழித்துவிடுகிறது.

சாதாரண வில்லையின் தடிப்பு இடத்துக்கிடம் மாறுவதால் ஒளியலையின் அவத்தை (phase, அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் நிற்கிறது என்பது) சிறிது சிறிதாகப் பின்தள்ளப்பட்டு ஒளி குவிகிறது. மெற்றாசேர்பேசில் அந்தத் தடிப்புக்கு வேலையில்லை. அலைநீளத்திலும் சிறிய இடைவெளியில் நிரைப்படுத்திய நுண்ணுறுப்புகள் ஒவ்வொன்றும், தன் வடிவத்தாலோ திரும்பி நிற்கும் கோணத்தாலோ, அவத்தையை நின்ற இடத்திலேயே மாற்றிவிடுகின்றன. ஹாவாட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலாளர் கப்பாசோவின் குழு 2011 இல் சிலிக்கன் மீது வி வடிவப் பொன் அன்ரனாக்களைப் பதித்து, பரப்பு நெடுகிலும் அவத்தை மாறும் வீதத்தையும் சேர்த்தால்தான் ஒளிமுறிவுக்கான சினெல்லின் விதி அங்கே பொருந்தும் என்று காட்டியது. 2016 இல் அதே குழு செய்த வில்லையில் தைத்தேனியமீரொட்சைட்டுக் கட்டைகளின் உயரம் 600 நனோமீற்றர்தான். ஒரு வில்லையில் உள்ளவை எல்லாம் ஒரே அளவு, கோணம் மட்டும் வேறு வேறு.

‘அவத்தைப் பரப்பு’ எனலாமா என்று முதலில் எண்ணினேன். ஆனால் தமிழகத்தில் அவத்தையைக் ‘கட்டம்’ என்பார்கள். தவிர, பேச்சில் அவத்தை என்றால் படும் பாடு. ‘நுண்ணிரைப் பரப்பு’ம் நன்றுதான், ஆனால் நுண் + நிரை என்பதை நுண் + இரை என்று பிரித்துச் சிரிக்க ஆளிருக்கும்.

ஆகவே ‘வேய்பரப்பு’ என்பதை முன்வைக்கிறேன். கூரை வேய்பவர் தாழ்வாரத்தில் தொடங்கி முகடு நோக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி கிடுகுகளை வைத்துக் கட்டுவார்; மழைநீர் உள்ளே ஒழுகாமல் வெளியே ஓடுவது தனியொரு கிடுகின் திறத்தாலன்று, அடுக்கிய ஒழுங்கினால். இங்கும் ஒளியைத் திருப்புவது தனியொரு நுண்ணுறுப்பன்று, அவற்றை நிரைப்படுத்திய ஒழுங்கே. வினைத்தொகையாதலால் இடையில் வல்லினம் மிகாது. இத்தகைய பரப்பாலான வில்லை, அதாவது மெற்றாலென்ஸ், ‘வேய்வில்லை’ ஆகும். வேய் மூங்கிலையும் குறிக்கும் என்று மறுப்பு எழலாம்; நிமிர்ந்து நிற்கும் நுண்தூண்களுக்கு அதுவும் பொருந்தாமற் போகாது.

தனி உறுப்பை ஆங்கிலத்தில் மெற்றா அற்றம் (meta-atom; அற்றம் என்றால் அணு) என்கிறார்கள். அதற்கு ‘வேயலகு’ போதுமா என்பதில் மட்டும் எனக்கு ஐயம் உண்டு. அணு என்ற சொல் அதில் இருந்தே ஆகவேண்டும் என்பவர்கள் காரணத்துடன் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.