வீட்டில் ஷொட்புல்லார் (ஸ்வீடன் நாட்டு இறைச்சி உருண்டை) செய்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உப்சாலாவிலிருந்து

தட்டின் ஓரத்தில் ஏழு உருண்டைகள், ஒன்றையொன்று தொடாமல் வரிசையாக. இரண்டு மாதமாகிவிட்டது, அந்தத் தட்டு இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எதிர்வீட்டுப் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. இடுப்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய வாரம் அவரைச் சாப்பிட அழைத்தேன். மாடும் பன்றியும் பாதிக்குப் பாதி கலந்த பிளாண்ட்ஃபார்ஸ் கொத்துக்கறி அரைக் கிலோ, பாலில் ஊறிய ரொட்டித்தூள், ஒரு முட்டை, வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், வெள்ளை மிளகு, ஆல்ஸ்பைஸ் என்று எல்லாம் முறைப்படிதான் சேர்த்தேன். பிசைவது மட்டும் என் அம்மா கோலா உருண்டைக்குப் பிசைகிற பிசைவு. கை ஓயும்வரை பிசைந்தேன். உருட்டும்போது விரிசலே விழவில்லை, வழவழவென்று வந்தன. எனக்கு அவ்வளவு பெருமை.

பாட்டி முதல் உருண்டையில் முள்கரண்டியை வைத்தார். அது வழுக்கி, பக்கத்தில் வைத்திருந்த லிங்கொன் என்ற புளிப்புப் பழக் குவியலில் போய் நின்றது. அதைக் கத்தியால் பிடித்து நறுக்கி, உள்ளே ஒரு கணம் பார்த்துவிட்டுப் பாதியைச் சாப்பிட்டார். பிறகு மற்றவற்றைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாக ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். உருளைக்கிழங்கு மூன்றையும் சாஸில் துடைத்துத் துடைத்துத் தின்றார். எழும்போது "தாக் ஃபோர் மாத்தென்", உணவுக்கு நன்றி, என்று எல்லா ஸ்வீடன்காரர்களும் சொல்வதைச் சொன்னார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என்ன குறை என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இப்படி ஒரு தட்டு வேறு யாருக்காவது திரும்பி வந்திருக்கிறதா?

கோத்தன்பர்க்கிலிருந்து

எனக்கு உருண்டை எப்போதும் சரியாக வரும். என்னை வாட்டுவது சாஸ்.

அலுவலக நண்பர்கள் ஆறு பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உருண்டை பொரித்த வாணலியிலேயே மாவைத் தூவி வறுத்து, இறைச்சிச் சாறு ஊற்றி, கிரீமும் ஊற்றிவிட்டேன். நிறத்துக்குக் கொஞ்சம் சோயா சாஸ். அதோடு நிறுத்தியிருக்கலாம். சுவைத்துப் பார்த்தபோது சப்பென்று இருப்பதாகத் தோன்றியது. பக்கத்தில் வெள்ளரிக்காய் ஊறுகாய், அதாவது பிரெஸ்குர்க்கா, இருந்தது. அதன் வினிகர்த் தண்ணீரை இரண்டு கரண்டி விட்டுத் தீயைக் கூட்டினேன். நான் வாங்கியிருந்தது 15 சதவீதக் கொழுப்புள்ள சமையல் கிரீம். கண்ணெதிரே திரிந்தது. மேலே வெண்ணெய்க் கண்கள், கீழே திரிந்த பால்போல வெள்ளைப் பொடி.

தண்ணீர் குடிக்க வந்த நண்பர் ஒருவர் வாணலியைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அடுப்பை அணைத்தார், சாஸை வடிகட்டினார், குளிர்பெட்டியில் இருந்த 40 சதவீதக் கொழுப்புள்ள விஸ்ப்கிரெட்டே கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடித்தார். சாஸ் கூடி வந்தது. வடிகட்டியைக் கழுவித் துடைத்து, எடுத்த ஆணியிலேயே மாட்டிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார். யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு நான் இன்னும் வாய்விட்டு நன்றி சொல்லவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

ஸ்டாக்ஹோமிலிருந்து

என் கதை சிறியது. மாமனார் வீட்டில் ஒரே வாணலியில் முப்பது உருண்டைகளைப் போட்டேன். நீர் விட்டு, வறுபடாமல் வெந்து, சாம்பல் நிறத்தில் கிடந்தன. மாமனார் சாஸை மேலே நிறைய ஊற்றி அவற்றை மறைத்தார்.

உப்சாலா சகோதரிக்கு: பிசைந்தது பாதிக் காரணம்தான். உப்பை எப்போது போட்டீர்கள்? வெறும் இறைச்சியில் உப்பைப் போட்டுப் பிசைந்தால் அதிலுள்ள புரதம் கரைந்து பசையாகிறது. சாசேஜ் செய்கிறவர்கள் வேண்டுமென்றே செய்வது இதைத்தான், கடித்தால் துள்ள வேண்டும் என்பதற்காக. ஷொட்புல்லாருக்கு அந்தத் துள்ளல் ஆகாது. கொஞ்சம் பசை இல்லாவிட்டால் உதிர்ந்துவிடும், கூடினால் ரப்பர். அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். ரொட்டித்தூள் ஒரு பங்குக்குப் பால் இரண்டு பங்கு ஊற்றிப் பத்து நிமிடம் தொடாமல் விடுங்கள். கஞ்சிபோல் ஊதிக்கொள்ள வேண்டும். அந்தக் கஞ்சிதான் இறைச்சி இழைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவை ஒன்றோடொன்று இறுகாமல் தடுக்கிறது, சாற்றையும் பிடித்து வைக்கிறது. முட்டை, வெங்காயம், மசாலா எல்லாவற்றையும் அந்தக் கஞ்சியிலேயே கலந்துவிடுங்கள். இறைச்சி கடைசியில்தான். விரல்களை விரித்து, சோறு கிளறுவதுபோல் கிளறி, கலந்ததும் கையை எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு உருண்டையைப் பொரித்துச் சுவைத்து உப்புப் பார்த்துவிட்டு மீதியை உருட்டுங்கள். கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு உருட்டினால் ஒட்டாது. உருட்டியதை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். வெண்ணெய் நுரைத்து, நுரை அடங்கும்போது, வாணலிக்குப் பன்னிரண்டுக்கு மேல் போடாதீர்கள். கரண்டியால் புரட்டவும் கூடாது, வாணலியைப் பிடித்து ஆட்டினால் தாமே உருளும்.

வாணலி பயமாக இருந்தால் ஓவன் இருக்கிறது. 2020 ஊரடங்கில் ஸ்வீடனின் அறைகலன் கடை இக்கியா தன் செய்முறையை வெளியிட்டதே, அதில் மாடு 500 கிராம், பன்றி 250 கிராம், 180 டிகிரியில் 30 நிமிடம். ஆல்ஸ்பைஸே கிடையாது. எனக்கு அது ஒப்புதல் இல்லை.

எப்படியும் இது ஸ்வீடனின் பன்னிரண்டாம் கார்ல் மன்னர் துருக்கியிலிருந்து கொண்டுவந்த கோஃப்தேதானே. கோஃப்தே செய்கிறவர்கள் அழுத்திப் பிசைவார்கள், அந்தப் பழக்கம் இதற்குள் வரக்கூடாது.

மால்மோவிலிருந்து

நண்பரே, சமையல் குறிப்பு நன்று. கார்ல் மன்னர் கதையை மட்டும் அப்படியே விட முடியாது. ஸ்வீடனின் அதிகாரப்பூர்வ ட்விட்டர் கணக்கு 2018இல் அப்படி எழுதியது, உலகமே பிடித்துக்கொண்டது. 1709இல் போல்தாவா போரில் தோற்ற மன்னர் ஆட்டோமன் ஆட்சிக்கு உட்பட்ட பெந்தேரில், இன்றைய மால்டோவாவில், ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தது உண்மை. 1714இல் ஆட்டோமன் மண்ணைவிட்டுக் கிளம்பியதும் உண்மை. அவர் பையில் இந்தச் செய்முறை இருந்தது என்பதற்குத்தான் சான்று காட்ட வேண்டும். ஸ்வீடனில் கைசா வார்க் 1755இல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் ஷொட்புல்லார் இருக்கிறது. நடுவில் நாற்பது ஆண்டு இடைவெளி. இறைச்சியைக் கொத்தி உருட்டுவது எந்த நாட்டுக்கும் தனிச்சொத்து அல்ல. நம் கோலா உருண்டையை எந்த மன்னர் கொண்டுவந்தார்?

இவ்வளவு உறுதியாகப் பேசுகிற எனக்கும் ஒரு நாள் உண்டு. மாடிப்படிக்குக் கீழே காய்கறிக் கடை வைத்திருப்பவர் துருக்கிக்காரர். ஒரு டப்பாவில் நான் செய்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், பன்றி சேர்க்காமல். மூடியைத் திறந்தவர் சாப்பிடவில்லை, முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். "என் அம்மாவின் தோல்மா" என்றார். தோல்மா என்பது இலையிலோ காய்கறியிலோ அரிசியை அடைத்துச் செய்வது, அதில் அவர்களும் ஆல்ஸ்பைஸ் போடுகிறார்கள். ஜமைக்காவில் விளையும் ஒரு காய்ந்த காய், துருக்கி அம்மாவின் வாசனையாக மால்மோவில் அந்த டப்பாவிலிருந்து வந்தது. வாதத்தில் நான் சொன்னது சரிதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அவர் அந்த மூடியை உடனே திரும்ப மூடி வாசனையை உள்ளே அடைத்ததை நினைத்தால் எனக்கு வாதம் செய்யத் தோன்றுவதில்லை.

லூலியோவிலிருந்து

என் மகளுக்கு ஆறு வயது. பள்ளியில் பாலில் வேகவைத்த மக்கரோனியோடு ஷொட்புல்லார் தருவார்கள். வீட்டிலும் வேண்டும் என்றாள். செய்தேன். வடித்து இறக்கியதும் கை தன் பழக்கத்தில் கொத்தமல்லித் தழையைக் கிள்ளித் தூவிவிட்டது. அவள் தோழியும் அன்று சாப்பிட வந்திருந்தாள். தோழி தட்டில் இருந்த தழைகளை என் மகள் முதலில் பொறுக்கி எடுத்தாள், ஒவ்வொன்றாக, தன் தட்டுக்கு. பிறகுதான் தானும் சாப்பிட்டாள். தன் தட்டில் இருந்த எல்லாத் தழையையும் சேர்த்தே சாப்பிட்டாள், என்னைப் பார்த்துக்கொண்டே.

மேலே அறிவுரை எழுதியவருக்கு: சகோதரி கேட்டது செய்முறை அல்ல.

கோயம்புத்தூரிலிருந்து

நான்கு ஆண்டு ஸ்வீடனில் லுண்டில் படித்துவிட்டுத் திரும்பினேன். வீட்டில் மாடும் பன்றியும் நுழையாது, கோழிக் கொத்துக்கறியில்தான் செய்தேன். கொழுப்பு குறைவு என்பதால் ஒரு கரண்டி வெண்ணெயை உருகவிட்டு உள்ளேயே சேர்த்தேன். லிங்கொனுக்குப் பதில் களாக்காயைச் சர்க்கரையோடு நசுக்கி வைத்தேன். புளிப்பும் துவர்ப்பும் ஏறக்குறைய அதேதான். ஆனால் லிங்கொனைப் பச்சையாகச் சர்க்கரையில் கிளறி வைத்தாலே மாதக்கணக்கில் கெடாது, அதிலேயே இயற்கையாகப் பென்சாயிக் அமிலம் இருக்கிறது. களாக்காயை அப்படி வைத்திருக்கக் காய்ச்சித்தான் ஆக வேண்டும்.

அப்பா கிரீம் சாஸை ஓரமாக ஒதுக்கிவிட்டு, களாக்காயை மட்டும் மூன்று முறை கேட்டு வாங்கினார். "நீ அங்கே தனியாக இதைத்தான் சாப்பிட்டாயா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு சாஸையும் சாப்பிட்டார்.

உப்சாலாவிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. ஸ்டாக்ஹோம் நண்பரே, நீங்கள் சொன்னது சரி. வெறும் இறைச்சியில்தான் உப்பைப் போட்டேன்.

கோத்தன்பர்க் நண்பர் நன்றி சொல்லாதது உறுத்துகிறது என்று எழுதியதைப் படித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நேற்று மாடிப்படியில் பாட்டியைப் பார்த்ததும் நேராகவே கேட்டுவிட்டேன். அன்றைக்கு உருண்டைகள் பிடிக்கவில்லையா?

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு யோசித்தார். "கெட்டியாகத்தான் இருந்தன, என் பல்லுக்கு ஆகவில்லை" என்றார். மழுப்பவில்லை. பிறகு, "வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் சாஸில் மெதுவாகச் சூடாக்கினால் மிருதுவாகிவிடும் என்று ஓரமாக எடுத்து வைத்தேன். டப்பா கேட்கலாமா என்று நினைப்பதற்குள் நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்" என்றார்.

அந்த ஏழு உருண்டைகளையும் அன்றிரவே நான் குப்பையில் கொட்டியிருந்தேன்.

சனிக்கிழமை அவர் வீட்டுச் சமையலறையில் செய்யப்போகிறோம். அவருடைய அம்மா வைத்திருந்த இரும்பு வாணலி இருக்கிறதாம், அவரால் இப்போது தூக்க முடியவில்லை. இறைச்சியும் ரொட்டித்தூளும் நான் வாங்கிப் போகிறேன். கூடவே ஒரு டப்பாவும்.