செல் சவ்வில் ஜோடியாக இருக்கும் புரதத்தைப் பிடிக்க எந்த கிராஸ்லிங்கர் வாங்கலாம்?

குளுகோர்க்காரி:

வணக்கம். பினாங்கில் முதுகலை ஆராய்ச்சி செய்கிறேன். என் புரதம் செல் சவ்வில் இருக்கும் ஓர் ஏற்பி. இரண்டிரண்டாகச் சேர்ந்துதான் வேலை செய்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் சவ்வைக் கரைக்க டிடர்ஜென்ட் ஊற்றியதுமே ஜோடி பிரிந்துவிடுகிறது போல. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் 55 கிலோடால்டனில் ஒற்றை பேண்ட் (பட்டை) மட்டும் சமர்த்தாக நிற்கிறது. கரைப்பதற்கு முன்பே, செல் முழுசாக இருக்கும்போதே, கிராஸ்லிங்கர் (பக்கத்துப் புரதங்களை வேதிப்பிணைப்பால் சேர்த்துக் கட்டும் பொருள்) போட்டு ஜோடியைக் கட்டிப்போட வேண்டும்.

மேற்பார்வையாளர் டி.எஸ்.எஸ். வாங்கச் சொல்கிறார். லேப் சீனியர் அக்கா டி.எஸ்.பி.தான் நல்லது, பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்கிறார். ஐஸ்பெட்டியில் பழைய குளூட்டரால்டிஹைடு பாட்டில் ஒன்றும் கிடக்கிறது. பட்ஜெட் ஒரே ஒரு பாட்டிலுக்குத்தான், ஆர்டர் போட்டால் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். படிக்கிற இடமெல்லாம் கை நீளம் (கிராஸ்லிங்கரின் இரண்டு பிடிமுனைகளுக்கும் இடையிலான தூரம்) எத்தனை ஆங்ஸ்ட்ராம் என்றுதான் எழுதியிருக்கிறது. டி.எஸ்.எஸ். 11.4, டி.எஸ்.பி. 12. இந்த அரை ஆங்ஸ்ட்ராமை வைத்து நான் என்ன முடிவெடுப்பது?

செராஸ் பழைய ஆள்:

தங்கச்சி, கை நீளத்தை ஓரமாக வையுங்கள். கட்டிய பிறகு அந்தப் புரதத்தை என்ன செய்யப் போகிறீர்கள்? அதைச் சொன்னால் பாட்டில் தானாக முடிவாகிவிடும்.

கூட்டாளி யார் என்றே தெரியாமல் தேடுகிறீர்கள் என்றால் உங்கள் சீனியர் சொல்வது சரி. டி.எஸ்.பி.யின் நடுவில் ஒரு டைசல்பைடு பிணைப்பு இருக்கிறது. டி.டி.டி. (டைதயோத்ரெய்டால்) போட்டால் அறுந்துவிடும், இரண்டு புரதத்தையும் தனித்தனியாகப் பார்க்கலாம். ஆனால் உங்களுக்குக் கூட்டாளி தெரியும், அதே புரதம்தான். வெஸ்டர்ன் பிளாட்டில் (ஜெல்லில் பிரித்த புரதத்தை ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) 55-இன் இருமடங்கான 110 பக்கம் ஒரு பேண்ட் வருகிறதா என்பதுதானே கேள்வி? அதற்கு அறுபடாத கிராஸ்லிங்கர்தான் வசதி. லேப்பில் எல்லாரும் எடுத்துப் போடும் நீல சாம்பிள் பஃபரில் மெர்காப்டோஎத்தனால் இருக்கும், அதுவும் டைசல்பைடை அறுக்கும். டி.எஸ்.பி. போட்ட சாம்பிளில் அதைக் கலந்தால் கட்டியதெல்லாம் அவிழ்ந்து பழையபடி 55தான். அறுபடாத கிராஸ்லிங்கரில் அதே மெர்காப்டோஎத்தனால் நமக்கு உதவி: செல்லை உடைக்கும்போது தற்செயலாக டைசல்பைடால் ஒட்டிய போலி ஜோடிகளை அது பிரித்துவிடும். மிச்சம் நிற்பது நீங்கள் கட்டியது.

இனி, டி.எஸ்.எஸ். தண்ணீரில் கரையாது, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைக்க வேண்டும், சவ்வைத் தாண்டி உள்ளேயும் போகும். அதன் சல்ஃபோ தம்பி பி.எஸ்.3. அதே 11.4 ஆங்ஸ்ட்ராம், ஆனால் தண்ணீரில் கரையும், சவ்வைத் தாண்டாது. செல்லின் வெளிப்பக்கத்தில் இருக்கும் லைசின்களை (பக்கக்கையில் அமீன் உள்ள அமினோ அமிலம்) மட்டும் பிடிக்கும். உங்கள் ஏற்பிக்கு வெளிப்பக்கம் ஓரளவு பெரிதாக, லைசின்களோடு இருந்தால் நான் பி.எஸ்.3தான் வாங்குவேன். விலை டி.எஸ்.எஸ்.ஸைவிட அதிகம், பரவாயில்லை. குளூட்டரால்டிஹைடைத் தொடவே தொடாதீர்கள். கண்டதையெல்லாம் கட்டி, சாம்பிள் முழுக்க ஜெல்லின் குழியிலேயே தங்கிவிடும். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் பார்ப்பவர்களுக்கு அது போகட்டும்.

அப்புறம் தண்ணீர் விஷயம். இந்த ஊரில் இதுதான் பெரிய வில்லன். இந்த வகை என்.எச்.எஸ். எஸ்டர் (இந்தக் கிராஸ்லிங்கர்களில் லைசினைப் பிடிக்கும் முனை, தண்ணீர் பட்டால் சிதையும்) பி.எச். 7-இல், 0 டிகிரியில் பாதியாகக் குறைய 4 முதல் 5 மணி நேரம் ஆகும். பி.எச். 8.6-இல், 4 டிகிரியில் வெறும் 10 நிமிடம். இது கரைத்த பிறகு நடப்பது. பாட்டிலுக்குள்ளேயே நம் காற்று புகுந்து வேலையைக் காட்டும். குளிரிலிருந்து எடுத்த பாட்டிலின் வெளியே ஒரு நிமிடத்தில் வியர்த்துவிடும், பார்த்திருப்பீர்கள். அந்த நிலையில் மூடியைத் திறந்தால் அதே வியர்வை உள்ளே பொடி மேலும் படியும். சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் வைத்து, கையால் தொட்டால் குளிராத வரை காத்திருந்து, ஏர்கோன் ஓடும் அறையில் திறக்கவும்.

செல்லை மீடியத்திலேயே விட்டுக் கட்டாதீர்கள். அதிலுள்ள அமினோ அமிலங்களும் சீரம் புரதங்களும் முதலில் சாப்பிட்டுவிடும். குளிர்ந்த பி.பி.எஸ்.ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) நன்றாகக் கழுவி, பி.எச். 8 பி.பி.எஸ்.ஸில் 1 மில்லிமோலாரிலிருந்து ஆரம்பித்து 5 வரை படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். அறை வெப்பத்தில் அரை மணி நேரம். ஏற்பி உள்ளே இழுபடும் என்ற பயம் இருந்தால் ஐஸில் 2 மணி நேரம். முடிந்ததும் வினையை நிறுத்த டிரிஸ் பஃபர் 20 மில்லிமோலார், 15 நிமிடம். லைசினில் போல டிரிஸிலும் அமீன் இருப்பதால் மிச்சத்தை அது வாங்கிக்கொள்ளும். அதனாலேயே கட்டும்போது டிரிஸ், கிளைசின் எதுவும் பஃபரில் இருக்கக் கூடாது.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. பாட்டில் வரும் வரை சும்மா உட்காராமல் ஃபார்மால்டிஹைடு முயன்று பாரும்மா, எந்த லேப்பிலும் இருக்கும். நான் குரோமாட்டின் வேலைக்கு வழக்கமாகப் போடுவது 1 சதவீதம், 10 நிமிடம், பிறகு 125 மில்லிமோலார் கிளைசின். புகைக்கூண்டுக்குள் மட்டும். சவ்வைத் தாண்டும், அதனால் உள்பக்கமும் கட்டும். கை 2 ஆங்ஸ்ட்ராம் அளவுதான், நிஜமாகவே ஒட்டி உட்கார்ந்தால்தான் பிடிக்கும். ஜெல்லில் ஏற்றும் முன் சாம்பிளை 95 டிகிரியில் கொதிக்க வைத்தால் கட்டு அவிழும், அதனால் 65-இல் 5 நிமிடம் சூடாக்கினால் போதும், கட்டு நிற்கும்.

இன்னொன்று, பேண்ட் வந்துவிட்டால் உடனே கொண்டாட வேண்டாம். சவ்வு நெரிசலான இடம், பக்கத்தில் போனவனையும் கட்டிவிடும். உன் ஏற்பியோடு சம்பந்தமே இல்லாத ஒரு சவ்வுப் புரதத்தையும் அதே பிளாட்டில் பார். அது ஒற்றையாகவே இருக்க வேண்டும். 110 பேண்ட் வராமலே 55 பேண்டும் மங்கினால் ஆன்டிபாடி பிடிக்கும் இடத்து லைசின் மறைந்துவிட்டதா என்று யோசி.

கேட்காத கதை ஒன்று: டி.என்.ஏ. இழைகளைக் கட்ட நாங்கள் போடும் சொராலென், நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசியில் இருப்பதுதான். வெண்படைக்கு அதைப் பூசி வெயிலில் காட்டச் சொல்வார்களே, அதே வேதியியல். 365 நானோமீட்டர் ஒளியில் எதிரெதிர் இழைகளின் தைமின்களைக் கட்டும், 254-இல் அவிழும். உன் புரதத்துக்கு உதவாது, சும்மா சொன்னேன்.

குளுகோர்க்காரி:

நன்றி அண்ணா, அக்கா. வெளிப்பக்கத்தில் லைசின் 9 இருக்கிறது, பி.எஸ்.3 என்றே எழுதிக் கொடுக்கிறேன். மொத்தமாகக் கரைத்துச் சின்னக் குழாய்களில் பிரித்து உறைய வைக்கலாமா?

செராஸ் பழைய ஆள்:

கூடாது. தண்ணீரில் போட்ட நிமிடமே வீணாக ஆரம்பித்துவிடும், மறுநாள் எடுக்கும்போது எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. பொடியாகவே 2 மில்லிகிராம் வீதம் தனித்தனியாக அடைத்து விற்கிறார்கள், மில்லிகிராம் கணக்கில் விலை கூடுதல். இருந்தாலும் அதையே கேளுங்கள். ஒரு சோதனைக்கு ஒன்று, செல்லைக் கழுவி முடித்த பிறகு உடைத்துக் கரைக்கவும்.