மறு: ஐயக்கடன் ஒதுக்கா, கடன் சேதார ஒதுக்கா?

எல்லாருக்கும் வணக்கம்,

கடன்ல வராமப் போகலாம்னு கம்பெனிக் கணக்குல முன்கூட்டியே கழிச்சு வைக்கிற ‘கிரெடிட் லாஸ் அலவன்ஸ்’ங்குறதுக்குத் தமிழ்ல என்ன சொல் போடலாம்னு இங்க நடக்குற பேச்சுக்கு என் பதில் இது. முதல்ல ‘கடன் இழப்புப் படி’ வேணாம் அண்ணே. அலவன்ஸ்னா படின்னு எழுதுறது அகவிலைப்படி, பயணப்படிக்குச் சரி, இங்க யாருக்கும் காசு குடுக்கல, வரவேண்டிய பாக்கில இவ்வளவு வராதுன்னு முன்னாடியே கழிச்சு வைக்கிறோம், அதனால ஒதுக்குதான்.

ப்ளஸ் ஒன் புத்தகத்துல இருக்குற ‘ஐயக்கடன்’, அதாவது வருமான்னு சந்தேகமான கடன், அந்தச் சொல்லே போதும்னு ரெண்டு பேர் சொன்னீங்க. நான் காரைக்குடில ஒரு மருந்து ஸ்டாக்கிஸ்ட்கிட்ட கணக்குப் பாக்குறேன், கம்பெனி எங்களுக்குக் கடன்ல சரக்கு அனுப்பும், நாங்க மெடிக்கல் ஷாப்புக்குக் கடன்ல போடுவோம். முன்னல்லாம் பார்ட்டி இழுத்தடிச்சு சந்தேகம் வந்தப்புறம்தான் ஒதுக்குவாங்க. 2016 ஏப்ரல்லேர்ந்து பெரிய கம்பெனிகளுக்கு வந்த இண்ட் ஏஎஸ் 109ங்குற இந்தியக் கணக்கு விதில அப்படி இல்ல, தேதி தவறாம கட்டுற பார்ட்டியா இருந்தாலும் பழைய வசூலையும் இனி வரப்போற நெலமையையும் பாத்து இத்தனை சதவீதம்னு கணக்குப் போட்டு ஒதுக்கியே ஆகணும். ஐயமே இல்லாத கடன் எப்படிங்க ஐயக்கடன் ஆகும்? 1930கள்ல பர்மாவுல நெல் விலை விழுந்தப்ப, அதுவரைக்கும் ஒழுங்கா கட்டுனவங்களாலயும் கட்ட முடியாமப் போயி அங்க வட்டிக்குக் கடன் குடுத்திருந்த நம்ம செட்டியார் கடைகளுக்குப் பணத்துக்குப் பதிலா நிலம்தானே வந்துச்சு. ஆள் மேல ஐயம் வேற, கடன்ல வர்ற இழப்பு வேற.

‘எக்ஸ்பெக்டட் கிரெடிட் லாஸ்’ங்குறதை அப்படியே மாத்துன ‘எதிர்பார்க்கப்படும் கடன் இழப்பு’ அர்த்தத்துல தப்பில்ல, ஆனா எதிர்பாக்குறதுன்னா நம்ம பேச்சுல வேணும்னு காத்திருக்கிறது, இழப்புக்கு யாரு காத்திருப்பா.

எங்க ஆத்தா செயினோட பில்லு ஒண்ணு பீரோவுல இருக்கு, எடை, அதுக்குக் கீழ சேதாரம், அதுக்குக் கீழ செய்கூலி. பத்தர் மேல சந்தேகப்பட்டு யாரும் சேதாரம் போடுறதில்ல, செஞ்சா இவ்வளவு போகும்னு தெரிஞ்சு மொதல்லயே கணக்குல ஏத்துறோம், வேலைப்பாடு கூடுனா சேதாரமும் கூடும். இங்கயும் அதேதான், உதாரணத்துக்கு 90 நாளுக்குள்ள இருக்குற பாக்கிக்கு நூத்துக்கு 1 ரூபான்னா, வருஷம் தாண்டுனதுக்கு 20 ரூபா, பாக்கி பழசாகப் பழசாக சதவீதம் ஏறும். அதனால என் ஓட்டு ‘கடன் சேதாரம்’.

மருந்து லைன்ல ஒரு சிக்கல் உண்டு. எக்ஸ்பைரி ஆகித் திரும்புற சரக்கையும் சேதாரம்னு நெனச்சுருவாங்க, அது விற்பனையிலேயே கழியும், கடன் இழப்புல சேராது. அதனால ‘கடன்’ங்குற சொல்லை எந்த எடத்துலயும் விடக்கூடாது.

ஐந்தொகைல (பேலன்ஸ் ஷீட்) பாக்கிக்கு எதிரா நிக்கிறது ‘கடன் சேதார ஒதுக்கு’, லாப நட்டக் கணக்குல ஏறுறது ‘கடன் சேதாரச் செலவு’. ரெண்டையும் பிரிச்சே எழுதணும், ஏன்னா இந்தச் செலவு ஏறுனா ரொக்கம் வெளிய போகாமலே லாபம் கொறையும், பழைய ஒதுக்கைத் திருப்பி எடுத்தா மாத்திரை ஒண்ணு கூட கூடுதலா விக்காமலே லாபம் ஏறும், அறிக்கை படிக்கிறவருக்கு அது தெரியணும். நெசமாவே வராமப் போனதைக் கணக்குலேர்ந்தே எடுக்குறதுக்கு ‘போக்கெழுதல்’ (ரைட் ஆஃப்) இருக்கு, அதைத் தொட வேணாம்.

தேவையில்லாமப் போன ஒதுக்கைத் திருப்பி எடுக்குறதுக்கு ‘ஒதுக்கு மீட்பு’ன்னு எழுதலாமா? போக்கெழுதுன கடன் பின்னால வசூலாகுறதையும் மீட்புன்னுதான் சொல்றோம், அதான் இடிக்குது.