தாத்தாவின் டிரங்குப் பெட்டியை சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையத்துக்குக் கொடுக்கலாமா?

ஜூரோங்_கவி:
அம்மா நாலறை வீட்டை விற்றுவிட்டு ஈரறை வீட்டுக்குப் போகிறார்கள், சாமான்களில் பாதியைக் கழித்தே ஆகவேண்டும். ஸ்டோர் ரூமின் அடியில் தாத்தாவின் டிரங்குப் பெட்டி கிடைத்தது. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறும்போது கொண்டுவந்தது, மூடியின் மேல் வெள்ளைப் பெயின்டில் அவர் பெயரும் ஊர்ப் பெயரும் இன்னும் தெரிகிறது. தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். உள்ளே பழைய காகித அடையாள அட்டை, ஊரிலிருந்து வந்த கடிதக் கட்டு, நாலைந்து ஸ்டுடியோ போட்டோ, வெற்றிலைப் பெட்டி, பெயர் வெட்டிய பித்தளைச் சொம்பு, தமிழ் முரசிலிருந்து வெட்டிவைத்த நறுக்குகள் ஒரு கத்தை.

அண்ணன் எதையாவது ஆன்லைனில் போட்டு விற்றுவிடு என்கிறான் (சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை இருந்திருந்தால் அங்கேயே கொண்டுபோய்ப் பரப்பியிருப்பான், அதைத்தான் 2017இல் மூடிவிட்டார்களே). அம்மாவுக்கு விற்க மனமில்லை, வைக்க இடமும் இல்லை. கேம்பல் லேனில் இருக்கிற இந்திய மரபுடைமை நிலையம் இதையெல்லாம் வாங்கிக்கொள்ளுமா? நாங்கள் பெரிய வணிகக் குடும்பம் ஒன்றும் இல்லை. கொடுத்தால் மக்கள் பார்க்க வைப்பார்களா? அப்புறம், பிள்ளைகளை (8 வயது, 11 வயது) கூட்டிப்போனால் அவர்களுக்குப் பிடிக்குமா?

தேக்கா_நடைராஜா:
முதலில் சொம்பைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்! பளபளவென்று கொடுத்தால் மரியாதை என்று நினைத்து எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், தேய்க்கத் தேய்க்க வெட்டிய எழுத்துதான் மழுங்கும். அந்தப் பெயர்தான் அதற்கு மதிப்பு, சொம்பு மட்டும் என்றால் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பெரிய குடும்பமா இல்லையா என்பதற்கு வருகிறேன். நிலையம் 2015 மே மாதம் திறந்தது, தேசிய மரபுடைமைக் கழகத்தின் கீழ் வருகிறது. நிரந்தரக் கூடம் ஐந்து பகுதி. பழங்காலத்தில் தெற்காசியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் இருந்த தொடர்பில் ஆரம்பித்து, 19ஆம் நூற்றாண்டுக் குடியேற்றம், முன்னோடிகள், சமூக அரசியல் விழிப்பு, கடைசியில் நாடு உருவான கதை. எல்லோரும் முன்னால் நின்று படம் எடுக்கிற பொருள் செட்டிநாட்டு வாசற்கதவு, 19ஆம் நூற்றாண்டுத் தேக்கு வேலை, அதில் சுமார் 5,000 நுணுக்கமான செதுக்கல்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறவர்கள் வட்டித் தொழில் செய்த வீட்டுக்காரர்கள். 1819இல், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் துறைமுகத்தை நிறுவிய ராஃபிள்ஸோடு வந்த முன்னோடி வணிகர் நாராயண பிள்ளை பெயர் எல்லோருக்கும் தெரியும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர், ரோடு போட்டவர் வீட்டில் மிஞ்சியது என்ன? பெரும்பாலும் ஒரு பெட்டி, நாலு காகிதம், அதுவும் வீடு மாறும்போது குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். அதனால் உங்கள் தாத்தாவின் பெட்டி அவர்களுக்கு வேண்டாத பொருள் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

நேராகத் தூக்கிக்கொண்டு போய் கவுன்டரில் வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, யாருடையது, எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு வாக்கில் என்று ஒரு பத்தி எழுதி முதலில் மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்த ஒரு பத்திதான் எல்லாமே. ரஜூலா 1926 முதல் 70களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல், அதில் வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். இன்ன ஊரிலிருந்து, இத்தனை வயதில், யாரை நம்பி வந்தார், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினார் என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். பெட்டி இன்னும் ஐம்பது வருஷம் தாங்கும். அம்மாவை இந்த வாரமே உட்காரவைத்து ஃபோனில் பதிவு செய்துவிடுங்கள்.

காகிதப்பூச்சி:
நடைராஜா சொன்னதோடு காகிதத்தைப் பற்றி நாலு வார்த்தை, என் வேலையே அதுதான்.

லேமினேட் செய்யவே கூடாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டக் கூடாது, அந்தப் பசை சில வருஷத்தில் பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது. குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்டு எல்லாவற்றையும் மெதுவாகக் கழற்றுங்கள். நம்மூர் ஈரப்பதத்தில் துரு பிடித்த ஒரு பின் போதும், பத்துக் கடிதத்தைக் கெடுத்துவிடும். போட்டோ ஓரமாகப் பிடிக்க வேண்டும், பின்பக்கம் பெயர் எழுதினால் மெல்லிய பென்சிலில், அழுத்தாமல். ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள், ஆல்பத்தோடு இருக்கட்டும். கடிதங்களை ஸ்டோர் ரூமுக்குத் திருப்பி அனுப்பாதீர்கள், ஜன்னல் ஓரமும் வேண்டாம்.

அடையாள அட்டை காகிதத்தில் இருக்கிறது என்றால் 1948இல் பதிவு தொடங்கிய காலத்து அட்டையாக இருக்கலாம், தேதியைப் பாருங்கள். 1957 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு வாங்கிய பத்திரம் ஏதாவது கூடவே மடித்துவைத்திருக்கிறாரா என்று கடிதக் கட்டிலும் தேடுங்கள், அந்தத் தலைமுறை முக்கியமான காகிதத்தை எங்கேயாவது செருகிவைக்கும். இங்கே படம் போடுவதாக இருந்தால் அட்டை எண்ணை மறைத்துவிட்டுப் போடுங்கள்.

முரசு நறுக்குகளைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 1935இல் தொடங்கிய பத்திரிகை, பழைய இதழ்களைத் தேசிய நூலகம் மின்மயமாக்கி வைத்திருக்கிறது. நறுக்கை வெட்டிவைத்தவர் ஓரத்தில் ஏதாவது எழுதியிருந்தால் மட்டும் அது தனிப் பொருள். கடிதங்கள் நேர்மாறு. உலகத்திலேயே ஒரு பிரதிதான்.

பழையபஞ்சாங்கம்:
கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு கொடுங்கள். எந்த அருங்காட்சியகமாக இருந்தாலும் சேகரிப்பில் ஒரு சிறு பகுதிதான் கண்ணாடிக்குள் இருக்கும். மீதியெல்லாம் கிடங்கு, இங்கே என்றால் ஜூரோங்கில் இருக்கிற மரபுடைமைப் பாதுகாப்பு மையம். தாத்தாவின் சொம்பைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளோடு போகலாம் என்று அம்மா கனவு கண்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, தானமாகக் கொடுப்பதும் இரவலாகக் கொடுப்பதும் ஒன்றல்ல. தானம் என்று கையெழுத்துப் போட்டால் அது அவர்களுடையது, பத்து வருஷம் கழித்து அண்ணனுக்கு ஆசை வந்து கேட்டால் கிடைக்காது. இரவல் என்றால் ஒரு கண்காட்சிக் காலத்துக்கு வாங்கித் திருப்பித் தருவார்கள், ஆனால் நிரந்தரமாக வைத்துக் காப்பாற்றும் பொறுப்பு உங்கள் தலையில்தான். அண்ணன் தம்பி எல்லோரும் சம்மதம் என்று எழுத்தில் இருக்கட்டும். எங்கள் சொந்தத்தில் ஒரு குத்துவிளக்கால் மூன்று வருஷம் பேச்சு வார்த்தை இல்லை, அது வெறும் வீட்டுக்குள் போன விளக்கு!

எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொடுக்கவும் வேண்டியதில்லை. கடிதங்களுக்கும் அம்மாவின் பேச்சுக்கும் தேசிய ஆவணக் காப்பகம் பொருத்தமாக இருக்கலாம், அவர்களுடைய வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979 முதல் இருக்கிறது. ஊர்ப் பக்கத்தில் அச்சடித்த பழைய நூல், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை மாதிரி ஏதாவது கிடந்தால் சென்னை ரோஜா முத்தையா நூலகத்தையும் கேட்டுப் பார்க்கலாம், கோட்டையூரில் தனி மனிதர் ஒருவர் சேர்த்ததில்தான் அதுவே உருவானது.

தேக்கா_நடைராஜா:
@பழையபஞ்சாங்கம் கிடங்கு என்பது உண்மை. ஆனால் இங்கே சிறப்புக் கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். 2019இல் சோழமண்டலக் கரையிலிருந்து இங்கே வந்த தமிழர்களின் மரபைப் பற்றி ஒன்று வைத்தார்கள், 2021இல் சிங்கப்பூர்ச் சீக்கியர்களைப் பற்றி ஒன்று, அதில் பல பொருள்கள் சாதாரணக் குடும்பங்கள் கொடுத்தவை. கிடங்கில் இருக்கிற பொருள்தான் அப்படி ஒருநாள் வெளியே வரும். பரணில் போட்ட பொருளுக்கு அந்த வாய்ப்பும் கிடையாது.

ஜூரோங்_கவி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அம்மாவிடம் பதிவு செய்ய ஆரம்பித்தேன், சொம்பில் இருக்கிற பெயர் தாத்தாவுடையது இல்லையாம், பாட்டியின் அண்ணனுடையதாம். கப்பலில் வரும்போது அவர் கொடுத்துவிட்டாராம். இவ்வளவு வருஷமாக எங்களில் யாருக்கும் தெரியாது. கடிதங்களை நாங்கள் வைத்துக்கொண்டு ஸ்கேன் எடுக்கிறோம், பெட்டியையும் சொம்பையும் அடையாள அட்டையையும் கொடுக்க அம்மா சம்மதித்துவிட்டார்கள். அண்ணன் "எழுதித் தா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறான், அதிசயம். பிள்ளைகள் விஷயத்தை மட்டும் யாரும் சொல்லவில்லையே?

மாட்டுப்பொங்கல்_ரசிகை:
நான் சொல்கிறேன், எனக்கும் அதே வயதில் இரண்டு இருக்கின்றன. வெறும் கூடத்தைச் சுற்றினால் 8 வயதுக்கு அரை மணி நேரம் தாங்கும், 11க்கு இன்னும் கொஞ்சம். மேல் மாடியிலிருந்து இறங்கிவந்தால் பிள்ளைகளுக்குக் களைப்புக் குறைவு. எழுத்துப் பலகைகளை எல்லாம் படிக்கவைக்காதீர்கள். வாசற்கதவில் எத்தனை யானை இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள், அதிலேயே பத்து நிமிஷம் ஓடிவிடும்.

பொங்கல் சமயத்தில் போனால் கதையே வேறு. கேம்பல் லேன் பக்கம் மாடு கன்று ஆடெல்லாம் கொண்டுவந்து கட்டுவார்கள், நிலையத்திலும் கோலம், பானை அலங்காரம் என்று ஏதாவது நடக்கும். தீபாவளிக்கும் திறந்த இல்லம் வைப்பார்கள், செப்டம்பர் வாக்கில் கலாசார விழா ஒன்று இருக்கும். வீவக (அரசு அடுக்குமாடி வீடு) பிளாக்கில் வளர்கிற பிள்ளை மாட்டை இவ்வளவு கிட்டத்தில் வேறு எங்கே பார்க்கும்? கூட்டம் மட்டும் சொல்லி முடியாது, காலையிலேயே போங்கள்.

திங்கட்கிழமை மூடியிருக்கும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவு இலவசம், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கு டிக்கெட் உண்டு. சாயங்காலம் வெளியே வந்தால் முகப்பைத் திரும்பிப் பாருங்கள், வட இந்தியப் படிக்கிணறு மாதிரி வடிவமைத்திருக்கிறார்கள், விளக்குப் போட்டதும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற சித்திரம் தெரியும். பசித்தால் தேக்கா சந்தை நடந்துபோகும் தூரம்தான், மாமிசம் சாப்பிடுவீர்கள் என்றால் அங்கே பிரியாணியை விட்டுவிடாதீர்கள்.