3000 ஹெர்ட்ஸ் ஒலியை ஆடிட்டரி கார்டெக்ஸ் (ஒலியைக் கையாளும் மூளைப் புறணி) நியூரான் எப்படிச் சொல்கிறது?

அலைவரிசை:
காதுக்குள் காக்ளியா (ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் நத்தை வடிவக் குழாய்) வரை புரிகிறது. அடிப்பகுதி உயர்ந்த அதிர்வெண்ணுக்கு, நுனி தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு. அங்கே அலை எப்படி நகர்கிறது என்று காட்டித்தான் பெக்கேசி 1961இல் நோபல் வாங்கினார். குழப்பம் அதற்கப்புறம்தான். ஒரு நியூரான் தொடர்ந்து துடித்தால் (மின்துடிப்பு விட்டால்) நொடிக்குச் சில நூறு தடவைதான் முடியும். அப்படியிருக்க 3000 ஹெர்ட்ஸை அது எப்படிக் குறிக்கும்? அதிர்வெண்ணுக்கு ஒரு நியூரான் என்று வைத்தாலும், அம்மா சொன்னாலும் அப்பா சொன்னாலும், அதிர்வெண் வேறாக இருந்தும், 'வா' என்பது 'வா'வாகவே கேட்கிறதே?

கருங்குயில்:
3000 ஹெர்ட்ஸுக்கு 3000 தடவை துடிக்க வேண்டியதில்லை சகோ. காக்ளியாவின் அதே வரிசை கார்டெக்ஸிலும் இருக்கிறது, மனிதரில் ஹெஷ்ல் மடிப்பு என்ற மூளை மடிப்பில். அந்த அதிர்வெண்ணுக்கு உரிய இடத்து நியூரான்கள் துடித்தாலே தகவல் போய்விடும். இன்னொரு வழி, கூட்டாகத் துடிப்பது. செவி நரம்பின் ஒரு நார் எல்லா அலை உச்சியிலும் துடிக்காது, பலவற்றை விட்டுவிடும், ஆனால் துடிக்கும்போதெல்லாம் அலையின் அதே கட்டத்தில்தான் துடிக்கும், அது விட்ட உச்சியைப் பக்கத்து நார்கள் பிடித்துக்கொள்ளும். பூனைகளில் சுமார் 4000, 5000 ஹெர்ட்ஸ் வரை இதைப் பார்த்திருக்கிறார்கள்.

நரம்புக்கட்டு:
செவி நரம்புக்கு இது சரி. கார்டெக்ஸுக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள், நிறைய பேர் தடுமாறுவது இங்கேதான். காதிலிருந்து கார்டெக்ஸுக்குப் போகும் வழியில் மூளைத்தண்டு, நடுமூளை, தலாமஸ் என்று மேலே ஏற ஏற அந்த ஒத்திசைவு தேய்ந்துகொண்டே வருகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சியாவோச்சின் வாங் குழு 2001இல் வெளியிட்டது. விழித்திருக்கும் மார்மோசெட் குரங்குகளுக்கு 'டிக் டிக்' என்று தொடர் சொடுக்கொலிகளைக் கேட்கவைத்து நியூரான்களைப் பதிவு செய்தார்கள். சொடுக்குகளுக்கு நடுவே சுமார் 25 மில்லிசெகண்டுக்கு மேல் இடைவெளி இருந்தால் ஒரு வகை நியூரான்கள் ஒவ்வொரு சொடுக்குக்கும் கூடவே துடிக்கின்றன. இடைவெளி அதைவிடக் குறைந்தால் அவை பின்தங்கிவிடும், வேறொரு வகை நியூரான்கள் ஏற்றுக்கொள்ளும். இவை சொடுக்கோடு சேர்ந்து துடிப்பதில்லை, சொடுக்குகள் நெருங்க நெருங்க இவற்றின் துடிப்பு எண்ணிக்கை ஏறுகிறது, அவ்வளவுதான். நேரமாக வந்தது எண்ணிக்கையாக மாறிவிட்டது! நம் காதுக்கும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் தனித்தனி சொடுக்குகள் ஒரே ஓசையாக ஒட்டிக்கொள்கின்றன.

விழித்திருக்கும் குரங்கு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மயக்க மருந்து கொடுத்துச் செய்த பழைய சோதனைகளில் ஒலி தொடங்கும்போது ஒரு சில துடிப்பு, அதோடு சரி என்ற நிலைதான் பெரும்பாலும் தெரிந்தது. விழித்திருக்கும்போது தனக்குப் பொருத்தமான ஒலி கிடைத்தால் அது நீடிக்கும் வரை நியூரான் துடிக்கிறது என்று 2005இல் இதே குழு காட்டியது.

அலைவரிசை:
அப்போது கார்டெக்ஸில் அலையின் நகல் இல்லை என்றால், சுருதி எங்கிருந்து வருகிறது?

நரம்புக்கட்டு:
பழைய தொலைபேசி இணைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் 120 ஹெர்ட்ஸ் போல இருக்கும், அது கம்பியில் வரவே இல்லை. ஆனாலும் உங்கள் அப்பா குரல் கீச்சென்று மாறிவிடுவதில்லை. 360, 480, 600 என்று வந்து சேரும் ஓசைகளை வைத்து மூளை அந்த 120ஐ மீட்டெடுக்கிறது. 2005இல் பெண்டரும் வாங்கும் மார்மோசெட்டின் செவி கார்டெக்ஸில், முதன்மை கார்டெக்ஸின் (ஒலித் தகவல் முதலில் வந்து சேரும் பகுதி) தாழ்ந்த அதிர்வெண் ஓரத்துக்கு அருகே, இப்படிப்பட்ட நியூரான்களையே கண்டார்கள். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுள்ள தனி ஓசைக்குத் துடிக்கும் நியூரான், அந்த அதிர்வெண்ணை நீக்கிவிட்டு அதன் மடங்குகளை மட்டும் ஒலித்தாலும் துடித்தது. ஆக அது குறிப்பது சுருதியைத்தான், காற்றில் அந்த அதிர்வெண் இருக்கிறதா இல்லையா என்பதை அல்ல.

மேளச்சத்தம்:
'வா' கேள்வியை யாரும் தொடவில்லையே. அதற்கு முதன்மை கார்டெக்ஸைத் தாண்டி மூளையின் பக்கவாட்டில் உள்ள மேல் டெம்போரல் மடிப்புக்குப் போக வேண்டும். வலிப்பு அறுவைக்காக மின்முனை வைக்கப்பட்டவர்களிடம் மெஸ்கரானி, சாங் குழு பதிவு செய்து 2014இல் வெளியிட்டது: ஓர் இடம் வெடிப்பொலிகளுக்கு, ஓர் இடம் உரசொலிகளுக்கு, இன்னொன்று மூக்கொலிகளுக்கு என்று ஒலி வகைகளுக்கே துடிப்பு கூடுகிறது. பேசுபவரின் குரல் மாறலாம், ஒலி வகை மாறாது.

2012இல் அவர்கள் இருவர் பேச்சை ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டு ஒருவரை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். அந்த மடிப்பின் துடிப்பிலிருந்து ஒலியைத் திரும்பக் கட்டியெழுப்பினால் கவனித்தவர் மட்டும் தனியாகப் பேசியதைப் போலவே வந்தது.

அலைவரிசை:
கவனிக்காதவர் பேச்சு மூளையில் எங்குமே பதிவாகவில்லையா?

மேளச்சத்தம்:
பதிவாகிறது. 2019இல் வந்த ஆய்வில் ஹெஷ்ல் மடிப்பில் இரண்டு குரலுமே இருந்தன, எதைக் கவனித்தாலும் அங்கே பெரிய மாற்றமில்லை. கவனித்த குரல் முன்னுக்கு வருவது மேல் டெம்போரல் மடிப்பில்தான்.