ஆர்.இ.1 ரயில் பாதையில் ஒரு வாரக்கடைசி: உங்களுக்கு எதிர்ப்பட்டவர்கள் யார் யார்?

ஆகன் மாணவன்:

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. ஜெர்மனியின் மேற்கே ஆகன் நகரில் ஒன்றாகப் படிக்கும் நாங்கள் ஐந்து பேர். இங்கிருந்து கோல்ன் (கொலோன்), டுசல்டோர்ஃப் வழியாக ஹம் வரை ஓடும் ரயில்தான் ஆர்.இ.1. செமஸ்டர் கட்டணத்தோடு வருகிற டாய்ச்லாண்ட் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஐசிஇ மாதிரி வேக ரயிலில் ஏற முடியாது, ஆனால் ஊர் ஊராக நின்று போகும் வண்டியில் நாடு முழுக்கச் சுற்றலாம். டிக்கெட் கையில் இருக்கும்போது வீட்டில் கிடப்பது பாவம் என்பது எங்கள் குழுவின் தஞ்சாவூர்க்காரியுடைய கொள்கை. காலையில் கோல்ன், மதியம் பான், சாயங்காலம் டுசல்டோர்ஃப் என்று எக்செல் ஷீட்டே போட்டிருந்தாள். அதில் பாத்ரூமுக்குக்கூடப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தாள்.

கடைசியில் கோல்னைத் தாண்டவில்லை. அந்தக் கதைதான் இது.

கோல்ன் ஸ்டேஷன் வாசலைத் தாண்டினால் எதிரே பேராலயம். வழி கேட்கத் தேவையே இல்லை. 157 மீட்டர் உயரம், கருத்துப்போன கல், எங்கேயாவது ஓர் ஓரத்தில் சாரம். 1248-இல் தொடங்கி 1880-இல்தான் கட்டி முடித்தார்கள். நடுவில் ஏறத்தாழ 280 வருடம் வேலை அப்படியே நின்றுவிட்டது. பாதியில் நின்ற தெற்குக் கோபுரத்தின் மேல் ஒரு மரப் பாரந்தூக்கி மட்டும் சில நூறு வருடங்கள் ஊரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. இதைப் படித்துக் காட்டியதும் தஞ்சாவூர்க்காரிக்கு ஒரே பெருமை. "எங்க ராஜராஜன் இந்த ஜோலியெல்லாம் வச்சுக்கல பாரு. ஆரம்பிச்சாரு, முடிச்சாரு." சரிதான். ஆனால் இரண்டாம் உலகப்போரில் 14 குண்டு விழுந்தும் இது நின்றது என்று நான் சொன்னபோது கொஞ்சம் அமைதியானாள்.

கோபுரத்துக்கு 533 படி. லிஃப்ட் கிடையாது. குறுகலான சுழல்படி, ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதே படியில்தான். எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இருநூறு படி ஏறியிருப்போம். நாமக்கல்காரன் சுவரில் சாய்ந்து இஞ்சின் மாதிரி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். மேலிருந்து ஒரு பாட்டி இறங்கி வந்தார். கையில் தடி இல்லை, முகத்தில் வியர்வை இல்லை. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று என் அரைகுறை டாய்ச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், கேட்டேன்.

"நீங்கள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றார்.

அப்புறம் அவரே சிரித்துவிட்டு, ஒவ்வொரு பிறந்தநாளன்றும் இந்தக் கோபுரத்தில் ஏறுவதாகவும், அன்று 74 முடிகிறது என்றும் சொன்னார். நாமக்கல்காரனுக்கு எங்கிருந்து மூச்சு வந்ததோ தெரியாது, அங்கேயே பிறந்தநாள் பாட்டை எடுத்துவிட்டான். மேலே கண்ணுக்குத் தெரியாத யாரோ டாய்ச்சில் சேர்ந்துகொண்டார்கள், கீழே இருந்தும் குரல்கள். வட்டமான கல் சுவருக்குள் பாட்டு சுற்றிச் சுற்றி ஏறியது. இரண்டு பக்கமும் போக்குவரத்து ஸ்தம்பித்து நிற்க, பாட்டி ஒவ்வொருவர் கையாகக் குலுக்கிக்கொண்டே இறங்கிப் போனார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

வழியில் மணிக்கூடம். 24 டன் மணி ஒன்று தொங்குகிறது, 1923-இல் வார்த்தது. ஊர்க்காரர்கள் அதைக் 'குண்டு பீட்டர்' என்றுதான் சொல்வார்கள். பெரிய திருநாள்களில் மட்டும் வாய் திறக்குமாம். மேலே போனால் ரைன் ஆறும், ஆற்றின் குறுக்கே ரயில் பாலமும் பொம்மை மாதிரி தெரிகின்றன. காற்று ஆளைத் தள்ளுகிறது. நான் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை.

இறங்கி வந்தபோது உச்சி வெயில். உள்ளே தெற்குப் பக்கத்து ஜன்னலில் 2007-இல் வைத்த, 72 நிறங்களில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சதுரக் கண்ணாடித் துண்டுகள். தரையெல்லாம் நிறம் கொட்டிக் கிடந்தது. ஒரு குழந்தை ஒவ்வொரு நிறமாகத் தாண்டித் தாண்டி விளையாடிக்கொண்டிருந்தது. குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் பொன்பேழை, பாலத்தில் காதலர்கள் மாட்டிய பூட்டுகள், இதெல்லாம் எல்லோரும் எடுத்த போட்டோக்களிலேயே இருக்கின்றன. சாக்லேட் மியூசியத்தில் வரிசையைப் பார்த்ததும் திரும்பிவிட்டோம்.

பசி. ஒரு பழைய மதுக்கூடத்துக்குள் நுழைந்தோம். அந்த ஊர் பியருக்குக் கோல்ஷ் என்று பெயர். பரிமாறுகிறவரைக் கோபெஸ் என்கிறார்கள். நீல நிற மேலங்கி, முகத்தில் சிரிப்பு துளியும் இல்லை. 200 மில்லி கிளாஸ், நம்ம ஊர் டீ கிளாஸைவிடக் கொஞ்சம்தான் பெரிது. காலியானால் கேட்காமலே அடுத்தது வந்துவிடும், கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையில் கணக்குக்குப் பென்சிலால் ஒரு கோடு விழும். போதும் என்றால் அந்த அட்டையை எடுத்து கிளாஸ் மேல் மூடிவைக்க வேண்டும். இது எங்கள் சீனியர் அண்ணனுக்குத் தெரியாது. கேட்காமல் கொடுப்பதை மறுப்பது மரியாதை இல்லை என்று நினைத்து, வந்ததையெல்லாம் குடித்துக்கொண்டே இருந்தார். அட்டையில் ஏழு கோடு விழுந்த பிறகுதான் பக்கத்து மேசைக்காரர் இரக்கப்பட்டு, எழுந்து வந்து அண்ணனுடைய கிளாஸை மூடிவிட்டுப் போனார்.

தஞ்சாவூர்க்காரி குடிக்க மாட்டாள். தண்ணீர் கேட்டாள். கோபெஸ் அவளை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்து, "சோப்பும் துண்டும் சேர்த்துக் கொண்டு வரவா?" என்றார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கும் சுருக்கென்றது. இந்த ஊரில் கோபெஸ் என்றாலே வாய்த்துடுக்கு, அதுதான் அவர்கள் பேர்வாங்கிய விஷயம் என்று பக்கத்து மேசை மறுபடி விளக்கியது. தண்ணீர் வந்தது, அதில் ஓர் எலுமிச்சைத் துண்டும் மிதந்தது. அதை மன்னிப்பு என்று அவள் எடுத்துக்கொண்டாள். நான் அப்படி நினைக்கவில்லை.

உச்சக்கட்டம் நாமக்கல்காரன். மெனுவில் 'ஹால்வெ ஹான்' என்று கண்டதும் கண் விரிந்தது. ஹான் என்றால் சேவல் என்று அவனுக்குத் தெரியும். அரைச் சேவல், அதுவும் இந்த விலைக்கு! எங்களை மெனுவைப் பார்க்கக்கூட விடாமல் மூன்று பிளேட் சொன்னான். வந்தது கம்பு நிறத்தில் ஒரு ரை ரொட்டி, தடியாக ஒரு துண்டு கௌடா சீஸ், வெங்காயம், கடுகுச் சட்னி. கோழியின் இறகுகூட இல்லை. அந்த ஊரில் ஹால்வெ ஹான் என்றால் அதுதான். "கோழி எங்கே?" என்று இவன் கேட்க, கோபெஸ் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். கோழிப்பண்ணை ஊரில் பிறந்தவனுக்கு இது அவமானமில்லையா? திரும்பி வரும் ரயில் முழுக்க அதையே புலம்பினான்.

எக்செல் ஷீட்டில் பானும் டுசல்டோர்ஃபும் அப்படியே இருக்கின்றன. ஆர்.இ.1 பாதையில் இருக்கிறவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

ஹம் அக்கா:

தம்பி, வாசிச்சு வாசிச்சுச் சிரிச்சன். அந்தச் சேவலை நம்பி என்ர மச்சானும் ஒருக்கா ஏமாந்தவர். நீங்கள் ஏறின அதே ஆர்.இ.1 கடைசியாப் போய் நிக்கிறது எங்கட ஹம்மிலதான், தெரியுமோ? கோல்னோட இறங்கிப் போட்டியள்.

இஞ்ச காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு. 2002 இல குடமுழுக்கு. 17 மீற்றர் இராசகோபுரம், சுத்திவரத் தொழிற்சாலை, அங்கால மின்நிலையம். முதல்முறை வாற ஆக்கள் பிழையான இடத்துக்கு வந்திட்டம் எண்டுதான் நினைப்பினம். தேருக்கு ஆயிரக்கணக்கில சனம் வரும். தீர்த்தத்துக்கு ஆறு இல்லை, பக்கத்துக் கால்வாய்தான்.

ஒரு வருசம் தீர்த்தத்தண்டு கால்வாய்க் கரையால சைக்கிளில வந்த ஒரு டொச்சுச் சோடி, சனத்தைக் கண்டிட்டு இறங்கிச்சினம். உள்ள வரலாமோ எண்டு கேட்டினம். சப்பாத்தைக் கழட்டச் சொன்னன், ஒழுங்காக் கழட்டிச்சினம். ஹெல்மெட்டைக் கழட்ட ஆரும் சொல்லேல்லை. ரெண்டுபேரும் கைகூப்பிக்கொண்டு, தலையில ஹெல்மெட்டோட முழு வீதியும் சுத்தி வந்திச்சினம். திருநீறு குடுக்க வந்த ஐயா நெத்தியைத் தேடிக்கொண்டு நிண்டார். இப்பவும் நினைச்சால் சிரிப்பு அடக்கேலாது.

டுசல்டோர்ஃப் வேலைக்காரன்:

எங்க ஊரையும் விட்டுட்டீங்களா? நல்லவேளை. சென்னையிலிருந்து வந்த நண்பர்களைப் பழைய நகரத்துக்குக் கூட்டிப்போனேன். ஒருத்தன் கோல்னில் குடித்த ஞாபகத்தில் ஒரு கோல்ஷ் கொடுங்கள் என்று கேட்டுவிட்டான். இங்கே ஆல்ட் என்கிற கரும்பழுப்பு பியர்தான், கோல்ஷ் என்ற வார்த்தையே ஆகாது. பரிமாறியவர் காதில் கை வைத்து மூன்று தடவை "என்ன?" என்று கேட்டார். மூன்றாவது தடவை நண்பன் "ஆல்ட்" என்றான். உடனே காது கேட்டுவிட்டது.

அக்கா, ஹம்முக்கு நானும் வந்திருக்கிறேன். ஒரு ராத்திரி வேலை முடிந்து இதே வண்டியில் தூங்கிப்போய், டுசல்டோர்ஃப் தாண்டி, கடைசி ஸ்டேஷனில் டிரைவர் தட்டி எழுப்பினார். பிளாட்பாரத்தில் குளிரில் உட்கார்ந்து அடுத்த வண்டிக்குக் காத்திருந்தேன். கோயில் இருப்பதே அப்போது தெரியாது.

ஹம் அக்கா:

அடுத்தமுறை நித்திரை கொள்ளுறதெண்டால் ஞாயிற்றுக்கிழமை காலமை வாற ரெயினில கொள்ளுங்கோ. ஸ்ரேசனுக்கு நான் கார் கொண்டு வாறன்.